வானூரில் ஒரு மட்கலம்

என் நண்பர் ஒருவர் ஆர்மீனிய நாட்டிற்குச் சென்றிருந்தபோது எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மலைகளையும் மடாலயங்களையும் பற்றி நாலு வரிக்கு மேல் அதில் இல்லை. எஞ்சிய பக்கங்களெல்லாம் ஒரு குயவர் பட்டறையைப் பற்றியவை. வழிப்போக்கராகச் சென்ற அவரை அந்தப் பட்டறைக்காரர் சக்கரத்தின் முன் அமர்த்தி, மண்ணைக் கையில் கொடுத்து வனையச் சொன்னாராம். 'கரஸ்' என்னும் பெருஞ்சாடியையும் அங்கே காட்டினார்களாம். ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கத்தக்க அச்சாடியைப் பாதியளவு நிலத்தில் புதைத்து, அதில் திராட்சை மதுவைப் புளிக்க வைப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். ஆரேனி என்னும் ஊரின் குகையில் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு சாடிகளைப் புதைத்து மது வடித்த இடத்தை அகழ்வாய்வாளர் கண்டிருக்கின்றனர் என்றும் நண்பர் எழுதியிருந்தார். கடிதத்தின் இறுதியில் ஒரு வரி: "நீ பிறந்த சீமையிலும் குயவர் இருக்கிறார்களே, ஒரு நாளாவது சக்கரத்தின் முன் உட்கார்ந்ததுண்டா?"

அந்த வரி என்னைச் சுட்டது. நான் திண்டிவனத்துப் பக்கத்தவன். ஆண்டுக்கணக்காகப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன். அரிக்கமேட்டுப் பானை ஓடுகளைப் பற்றி ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசுவேன். ஆயினும் ஒரு பானை எவ்வாறு பானையாகிறது என்பதை என் இரு கைகளும் அறியா. அடுத்த வாரமே வானூருக்குப் புறப்பட்டேன்.

வானூர் பெரிய ஊரன்று. திண்டிவனத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் பெருவழியில் கிளியனூரைத் தாண்டினால் அதற்கு வழி கேட்டுக்கொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு வட்டத்திற்குத் தலையூர் என்பதால் அலுவலகங்களும் அவற்றை நம்பிய தேநீர்க் கடைகளும் உண்டு. ஆனால் அவ்வட்டத்தின் நிலம் சாதாரணமானதன்று. மேட்டுப் பகுதியில் எங்கு நோக்கினும் செம்மண். மழை அறுத்த ஓடைகளில் அது குருதி போல வழிந்து ஏரிகளில் சேர்கிறது. மேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை உள்ளது. அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதையுண்டு, கல்லாக மாறிய மரங்கள் அவை என்று நிலநூலார் கூறுவர். சொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைக் குறித்துச் சென்றார். அந்த மணற்கல் நிலத்தை மழை கரைத்துக் கரைத்துத்தான் இப்பகுதிக்குச் செம்மண் கிடைத்தது. கரைந்ததில் மிக நுண்ணிய துகள் ஏரியின் அடியில் படிந்து களிமண்ணாயிற்று. ஆகவே இவ்வூர்ப் பானையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர்களிடமிருந்து தொடங்க இயலாது, மழையிலிருந்தே தொடங்க வேண்டும்.

நான் சென்ற பட்டறை வானூருக்கு அண்மையில் ஒரு சிற்றூரில் உள்ளது. பெரியவரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. "என் பெயர் எதற்கு ஐயா, பானைக்கா பெயர் போடுகிறோம்?" என்று அவரே தடுத்துவிட்டார். ஓலைக் கொட்டகை, அதன் முன் ஒரு புங்க மரம், மரத்தடியில் ஈரச் சாக்கு மூடிய மண் குவியல், பின்புறம் சூளை ஆகியவையே அவருடைய தொழிற்சாலை. கொட்டகையின் ஓரத்தில் மின்சாரத்தால் சுழலும் ஒரு சிறு சக்கரம் இருந்தது. அன்றாட வேலையெல்லாம் இப்போது அதில்தான். சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய சக்கரத்தையே நான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தம் தங்கை மகனை அழைத்து அதனை இறக்கி வைக்கச் செய்தார்.

அச்சக்கரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பார்வைக்கு அது வண்டிச் சக்கரம் போன்றது. மரத்தாலான ஆரங்கள், அவற்றைச் சுற்றிய வட்டையின் மேல் களிமண்ணையும் நாரையும் கலந்து கனமாகப் பூசியிருக்கிறார்கள். நடுவில் பானை வனையும் பலகை. அடியில் ஒரு கல்லின் குழியில் முளை நின்று சுழல்கிறது. விளிம்பில் உள்ள ஒரு துளையில் கோலை ஊன்றி ஐந்தாறு முறை வேகமாகச் சுற்றிவிட்டால், கனத்தின் வலிமையாலேயே அது நெடுநேரம் ஓடுகிறது. கனம் வட்டையில் குவிந்திருப்பதே இதன் சூட்சுமம். எஞ்சின்களில் பொருத்தும் பெருஞ்சக்கரமும் இதே நெறியைச் சார்ந்ததுதான்.

"முதலில் மண்ணை மிதியுங்கள்" என்றார் பெரியவர்.

ஏரிக் களிமண் மட்டும் பானைக்கு ஆகாது. தனிக்களிமண் காயும்போது மிகுதியாகச் சுருங்கி வெடித்துவிடும். மணல் சேர்த்தால் சுருக்கம் குறைகிறது. அடுப்பின் சூட்டையும் பானை தாங்குகிறது. மிகுதியாக மணலைச் சேர்த்தாலோ மண் கையில் நிற்காது, பொறுபொறுவென்று உதிரும். எவ்வளவு சேர்ப்பது என்று கேட்டேன். அளவு கூறாமல், ஒரு சிறு மண்ணுருண்டையை உருட்டி, விரலில் மோதிரம் போல வளைத்துக் காட்டினார். வெடிப்பு விழாமல் வளைந்தால் பதம் சரி. பின்னர் அரை மணி நேரம் மிதித்தேன். காலடியில் ஒரு சிறு கல் தட்டுப்பட்டாலும் அதனை எடுத்தெறிய வேண்டும். அக்கல் சூளையில் பானையை உடைக்கும். என் கால் காணாத மூன்று கற்களை அவர் கால் கண்டது.

அதன் பின் சக்கரத்தின் முன் குந்தி அமர்ந்தேன். மண்ணை நடுவில் வைத்தேன். சக்கரம் சுற்றிற்று. மண்ணை நடுவில் நிறுத்துவதுதான் முதற்பாடம் என்பதை நான் நூல்களில் படித்திருந்தேன். படித்ததனால் ஒரு பயனும் இல்லை. மண் என் கைகளை இடவலமாக ஆட்டியது. நான் மண்ணை ஆட்டவில்லை. பெரியவர் பின்னாலிருந்து, "முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள் ஐயா. கை ஆடினால் மண்ணும் ஆடும்" என்றார். ஊன்றினேன். சற்று அடங்கிற்று. கட்டை விரலை நடுவில் இறக்கினேன், குழி விழுந்தது. உள்ளே இடக்கையும் வெளியே வலக்கையுமாகச் சுவரை உயர்த்தினேன். நான்கு விரற்கடை உயரம் வந்ததும் எனக்குத் தோன்றிய பெருமிதத்தை என்னென்பேன்! அந்தப் பெருமிதத்தில் ஒரு கணம் அழுத்திவிட்டேன் போலும். சுவர் ஒரு பக்கம் வளைந்து, சுழன்று, துணி போல மடிந்து விழுந்தது. கொட்டகை வாயிலில் நின்ற சிறுவர் கைதட்டினர்.

இரண்டாவது மண்ணும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாவதில், கலம் என்று சொல்லத்தக்க ஒரு கிண்ணம் உருவாயிற்று. அதன் வாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பெரியவர் நூலால் அடியை அறுத்து, இரு கைகளாலும் அதனைத் தூக்கி வைத்தார். தாம் அன்று காலையில் வனைந்த முப்பது பானைகளுக்குக் காட்டிய அதே கவனத்தை அதற்கும் காட்டினார். அதுதான் என்னை நாணச் செய்தது.

சமையற்பானை சக்கரத்தில் முடிந்துவிடுகிறது என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அது தவறு. சக்கரத்திலிருந்து இறங்கும்போது அப்பானைக்கு அடி இல்லை. கழுத்தும் தோளும் ஒழுங்காக அமைந்த, கனத்த சுவருடைய ஒரு குழாய் அது. அரை நாள் நிழலில் ஆறி இறுகிய பின், உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிவாக்கி அடியை மூடுகிறார்கள். தட்டுந்தோறும் பானை பெரிதாகிறது. அந்த ஒலியை நான் இளமையில் குயவர் தெருவைக் கடக்கும்போது கேட்டிருக்கிறேன். என்ன வேலை நடக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பெரியவரின் துணைவியார் வாயிலில் அமர்ந்து, ஆறிய பானைகளுக்குச் செங்காவிக் குழம்பு பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார். "இதைத் தேய்க்காவிட்டால் பானை ஊமை போல இருக்கும் தம்பி" என்றார் அவ்வம்மையார். என் தலை நரைத்திருந்தும் அவருக்கு நான் தம்பிதான்.

இவ்வாறு தட்டி வளர்க்கும் முறையை அறிந்தால்தான் நம் முன்னோர் செய்த தாழிகளின் பெருமை விளங்கும். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தெடுத்த தாழிகளைப் பலரும் அறிவர். வானூருக்கு அண்மையிலேயே, புதுவை ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த சுட்டுக்கேணியில், காசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அவர் துணைவியாரும் ஆய்வு செய்து, இறந்தோரை இட்ட மண்பேழைகளைக் கண்டனர். கால்கள் பொருத்திய நீண்ட பேழைகள் அவை. அவர்களுடைய நூல் 1956இல் வெளிவந்தது. அவ்வளவு பெரிய மண்பேழையை வெடிக்காமல் காய வைத்துச் சுடுவது எளிய செயலா என்று பெரியவரைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "நாலு பேர் வேண்டும். மழை வரக் கூடாது. அதற்கு மேல் தெய்வம்தான்" என்றார்.

புறநானூற்றில் இரண்டு பாடல்கள் குயவரை விளித்துப் பாடப்பட்டவை. கிள்ளிவளவன் இறந்தபோது, அவன் புகழை மூடத்தக்க தாழியை வனைய உலகத்தையே சக்கரமாகவும் மலையையே மண்ணாகவும் கொள்ள வல்லையோ என்று புலவர் குயவரை வினவுகிறார். மற்றொன்றில், வழியில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தருக என வேண்டுகிறாள். அரசனின் முடிவும் ஏழைப் பெண்ணின் துயரமும் ஒரே பட்டறை வாயிலுக்கு வந்து நிற்கின்றன. அப்பாடல்களை மாணவர்க்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அன்று அக்கொட்டகையில் அமர்ந்திருந்தபோதுதான், அந்தப் புலவர்கள் குயவரின் முன் உண்மையாகவே நின்று அவர் கைகளைப் பார்த்தவர்கள் என்று தோன்றிற்று. சக்கரம் எது, மண் எது என்று தெரியாதவர் அவ்வாறு பாட முடியாது.

இனி, நான் அங்குச் சென்றதன் உள்நோக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். என் பையில் அரிக்கமேட்டு ஓடுகளின் நிழற்படங்கள் சில இருந்தன.

அரிக்கமேடு, புதுவைக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ளது. கிரேக்க மாலுமியின் 'பெரிப்ளுஸ்' நூல் கூறும் பொதுகே என்னும் துறைமுகம் அதுவே என்பது பலர் கருத்து. அந்நூல் அதனோடு சேர்த்துக் கூறும் சோபட்மா, நம் மரக்காணம் என்பர். அந்த மரக்காணமே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்று கொள்வாரும் உளர். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நூல் அது. அவனுடைய கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே வானூர் நிலம், ஒரு புறம் சங்கப் புலவர் நடந்த வழிக்கும் மறுபுறம் யவனர் கலம் நின்ற துறைக்கும் இடையில் அமைந்தது.

இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக 1944இல் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடியின் பகுதி ஒன்றைக் கண்டார். அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்று அறிந்து 1945இல் அங்கே அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெட்சோ நகரத்துச் செந்நிறக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் நன்கு தெரிந்தது. அதைக் கொண்டு அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் நாட்டுக் கலங்களுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னாட்டு வரலாற்றுக்கு அவர் செய்த அப்பேருதவியை மறுப்பதற்கில்லை. தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கேயே கிடைத்தன.

ஆயின், அங்குக் கிடைத்த மற்றொரு வகைக் கலத்தைப் பற்றி அவர் கொண்ட முடிவு வேறு. சாம்பலும் கருமையும் கலந்த நிறம், மெல்லிய சுவர், உட்புறமாக வளைந்த விளிம்பு, தட்டினால் மணியோசை தரும் உறுதி ஆகிய இயல்புகளையுடைய அகன்ற தட்டுகள் அவை. தட்டின் உட்புற நடுவில் நுண்ணிய புள்ளிகள் வட்ட வட்டமாக ஓடும். பல்லுள்ள ஒரு சிறு உருளையை ஓட்டி இட்ட அணி என்று கருதியதால் அவற்றை உருளைக்கோட்டு ஓடுகள் என்று அழைத்தனர். இத்தகைய வேலைப்பாடு இந்நாட்டிற்கு உரியதன்று, மேற்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பது வீலரின் கருத்து. நானும் அதையே சொல்லிக் கொடுத்தேன். "நம் குயவர் இதனைச் செய்திருக்க முடியாது" என்று கரும்பலகை முன் நின்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவ்வகுப்பில் குயவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் முதல் வரிசையில் அமர்ந்திருந்தான். அவன் முகம் என் நினைவில் இல்லை. நினைவில் இல்லாததே எனக்கு இப்போது உறுத்துகிறது.

நிழற்படத்தைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் அதனை வெளிச்சத்தில் தூரப் பிடித்துப் பார்த்து, "நல்ல மண். ஏரி மண் இவ்வளவு மெலிதாக வராது. இது ஆற்று வண்டல்" என்று சொல்லித் தம் தங்கை மகனிடம் நீட்டினார். அந்த இளைஞன் சில ஆண்டுகள் புதுவையில் மெருகிட்ட பாண்டங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை செய்தவன். அவன் அந்தப் புள்ளி வட்டங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"மாமா, இது தகடு தத்தின கோடு!" என்றான்.

என்ன சொல்கிறாய் தம்பி என்று கேட்டேன். அவன் விளக்கினான். தட்டு அரைப்பதமாக இறுகிய பின் அதனை மீண்டும் சக்கரத்தில் ஏற்றி, மெல்லிய இரும்புத் தகட்டால் மிகையான மண்ணைச் சீவுவார்கள். தகடு தளர்வாக இருந்தாலோ மண் சற்றுக் கூடுதலாக இறுகியிருந்தாலோ, தகடு சீவாமல் தத்தித் தத்தி ஓடும். அது தொட்ட இடமெல்லாம் சிறு சிறு பள்ளம் விழும். சக்கரம் சுழல்வதால் அவை ஒழுங்கான வட்டமாகும். "எங்கள் பட்டறையில் இப்படி விழுந்தால் மேஸ்திரி திட்டுவார் ஐயா. இவர்கள் வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள்."

அன்பர்களே, நான் வாயடைத்து நின்றேன். ஏனெனில் இதே கருத்தை அறிஞர் எழுத்தில் நான் பின்னாளில் படித்திருந்தேன். விமலா பேக்லி என்னும் அறிஞர் அரிக்கமேட்டு ஓடுகளை மீண்டும் ஆராய்ந்து, இவை உரோம நாட்டவை அல்ல, இந்தியக் குயவர் செய்தவையே என்று 1980களில் எழுதினார். 1989 முதல் 1992 வரை அவர் தலைமையில் மறுபடியும் அங்கே அகழ்வாய்வு நடந்தது. உரோம வணிகம் செழிப்பதற்கு முன்பே அவ்வூர் வாழ்ந்திருந்தது என்பதும் அதனால் தெளிவாயிற்று. புள்ளி வட்டங்கள் உருளையால் இடப்பட்டவையா, தத்தும் தகட்டால் இடப்பட்டவையா என்ற வாதமும் அறிஞரிடையே எழுந்தது. ஏடுகளில் நடந்த அவ்வாதத்தை ஒன்றும் அறியாத இளைஞன், தான் திட்டு வாங்கிய அனுபவத்தைக் கொண்டு ஒரு நொடியில் ஒரு பக்கத்தைச் சார்ந்துவிட்டான். அவன் சொன்னதே முடிந்த முடிவு என்று நான் கூற வரவில்லை. ஆயினும் அவன் சாட்சி, சக்கரத்தைத் தொட்டறியாத என் போன்றவரின் சாட்சியைக் காட்டிலும் மேலானது.

இதில் இன்னும் ஒரு செய்தி உண்டு. அதனை மறைத்தால் நான் பழைய பிழையைக் கைவிட்டுப் புதிய பிழையைப் பிடித்தவனாவேன். உரோம நாட்டவை அல்ல என்றவுடன், அப்படியானால் நம் தமிழ்க் குயவர் செய்தவை என்று மகிழத் தோன்றும். பெரியவர் சொன்ன ஆற்று வண்டல் என்னும் சொல்லை நினைவில் கொள்ளுங்கள். கோக்டே என்னும் அறிவியலார் இவ்வகை ஓடுகளின் கனிமங்களைச் சோதித்து, கங்கையின் கடைமடையான வங்க நாட்டுச் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியின் மண்ணோடு அவை ஒத்திருக்கின்றன என்று 1997இல் எழுதினார். வங்கம் முதல் அமராவதி, அரிக்கமேடு, அழகன்குளம், ஈழத்து அனுராதபுரம், எகிப்தியக் கடற்கரை, பாலித் தீவு வரை பரவிக் கிடக்கும் இவ்வோடுகளில் மிகப் பல ஒரே வகை மண்ணால் ஆனவை என்று பிற்காலச் சோதனைகளும் காட்டின. அரிக்கமேட்டிலேயே உள்ளூர் முரட்டு மண்ணில் இவற்றைப் பார்த்துச் செய்த போலிகளும் உள்ளன. ஆகவே நம்மவர் அந்தத் தட்டைக் கண்டார், விரும்பினார், தாமும் செய்து பார்த்தார். இதை நான் பெரியவரிடம் கூறியபோது அவர் முகத்தில் ஏமாற்றம் சிறிதும் இல்லை. "கங்கைக் கரையிலும் குயவன்தானே செய்தான்?" என்றார். நான் அஞ்சிக்கொண்டிருந்த ஏமாற்றம் என்னுடையது மட்டுமே என்று அப்போது தெரிந்தது.

மண்ணை விடக் குயவர் கை எளிதில் இடம் மாறுகிறது. ஆர்மீனியர் கதையே அதற்குச் சான்று. குதாகியா நகரில் ஓவியமிட்ட பாண்டங்கள் செய்து புகழ்பெற்றிருந்த அவர்கள், முதல் உலகப் போர்க் காலத்துக் கொடுமைகளால் சிதறுண்டனர். அவர்களில் ஓகன்னேசியன் என்பவர், எருசலேமின் பாறைக் குவிமாடத்து ஓடுகளைப் புதுப்பிப்பதற்காக 1919இல் அங்கு வந்தார். வந்த வேலை நிறைவேறவில்லை. வந்தவரின் கலை அங்கேயே வேரூன்றி, இன்று எருசலேமின் கலையாகவே அறியப்படுகிறது. சென்னையில் ஆர்மீனியன் தெருவில் வாழ்ந்த வணிகரோ பாலமும் கோயிலும் கட்டினர். 1794இல் தம் மொழியின் முதல் இதழையும் அங்கேயே அச்சிட்டனர். சக்கரத்தை மட்டும் அவர்கள் கொண்டு வரவில்லை.

நமக்குச் சக்கரம் வேறு வழியாக வந்தது. ரே மீக்கர், தெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971இல் புதுவையில் 'கோல்டன் பிரிட்ஜ்' என்னும் பட்டறையை அமைத்தனர். நம் சூளையில் 700, 800 பாகைச் சூட்டில் வேகும் மண்ணுக்குப் பதிலாக, 1,200 பாகைக்கு மேல் வெந்து கல்லைப் போல இறுகும் பாண்டங்களை அங்கே செய்தனர். நாடு முழுதுமிருந்து பலர் வந்து பயின்றனர். இன்று புதுவையிலும், வானூர் வட்டத்து ஆரோவில்லிலும் இத்தகைய பட்டறைகள் பல உள்ளன. வெளிநாட்டுப் பயணிகள் பணம் கட்டி ஒரு நாள் சக்கரம் பயில்கின்றனர். மறுபுறம், வில்லியனூரின் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. அவ்வூர்க் கலைஞர் முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இவ்விரு புகழுக்கும் இடையில், சோற்றுப் பானையும் அகல் விளக்கும் செய்யும் பெரியவர் அமர்ந்திருக்கிறார்.

அவருடைய கவலை புகழைப் பற்றியதன்று, மண்ணைப் பற்றியது. பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் விற்பனை உண்டு. மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். அதற்கென அரசு ஒரு நிவாரணத் தொகை தருகிறது. ஆனால் ஏரியில் மண் எடுப்பதற்கு அனுமதி வேண்டி அலைந்த நாட்களை அவர் மறக்கவில்லை. அவருடைய பாட்டனார் யாரையும் கேட்டதில்லை. கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிச் செல்வார். பின்னாளில் மணற்கொள்ளையைத் தடுக்க வந்த விதிகள் குயவரின் ஒரு வண்டி மண்ணையும் சேர்த்துத் தடுத்தன. ஒரு முறை மண் ஏற்றிய வண்டியை வழியில் நிறுத்திவிட்டார்களாம். "திருடனைப் போல நின்றேன் ஐயா" என்றார். 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று விலையின்றி மண் எடுக்கலாம் என்று அரசு ஆணையிட்ட பின் அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆயினும் அவருக்கு வேண்டிய மண் ஏரியின் எல்லா இடத்திலும் இல்லை. இயந்திரத்தால் ஆழமாகத் தோண்டிய இடங்களில் நல்ல களிமண் அடுக்கு போய், அடியில் உள்ள சரளை வெளிப்பட்டுவிட்டது. அதனை அவர் குறையாகக் கூட அழுத்திச் சொல்லவில்லை. மண்வெட்டியால் சுரண்டிக் காட்டினார்.

பன்னிரண்டு நாள் கழித்துச் சூளை பிரிப்பதைக் காணச் சென்றேன். வைக்கோலும் மண்ணும் கொண்டு மூடிய சூளை சாம்பல் மேடாக இருந்தது. ஒவ்வொரு பானையாக எடுத்து விரல் மடக்கித் தட்டினார்கள். 'டங்' என்றால் ஒரு பக்கம், 'தொப்' என்றால் மறுபக்கம். என் சாய்ந்த கிண்ணத்தைப் பெரியவர் தட்டினார். 'டங்' என்றது. அதற்கு விலை கேட்டேன். "உங்கள் மண்ணை நீங்களே மிதித்தீர்கள். சூளைக்கூலி மட்டும் கொடுங்கள்" என்று கணக்காகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

இளைஞன் அந்த நிழற்படத்தை என்னிடமிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்தான். இப்போது கொட்டகைக்குள் சென்று, இன்னும் சுடாத ஒரு தட்டைச் சாக்கின் மேல் வைத்து எடுத்து வந்தான். அதன் நடுவில் புள்ளி வட்டங்கள் இருந்தன. ஒரு பழைய கடிகாரத்தின் கம்பிச்சுருளை நிமிர்த்திப் பிடித்து இட்டதாகச் சொன்னான்.

"மூன்று சுற்று ஒழுங்காக விழுந்தது ஐயா. நாலாவதில் கை நழுவிவிட்டது" என்றான்.

பெரியவர் அதனை வாங்கித் திருப்பிப் பார்த்து, "மண் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்க வேண்டும்" என்றார்.